மன்னிப்பது என்றால் மறப்பதா? பழைய காயத்தோடு முன்னே நடக்கக் கிறிஸ்தவம் காட்டும் வழி

பண்டார் தெங்காரா: 'தெங்காரா' என்றால் மலாய் மொழியில் தென்கிழக்கு. ஜொகூர் தென்கிழக்கு மேம்பாட்டு வாரியமான கெஜோரா 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பிறகு, காடு திருத்திச் செம்பனை நட்ட வட்டாரத்தில் எழுந்த புது ஊர்களில் பண்டார் தெங்காராவும் ஒன்று. இப்படிப்பட்ட ஊருக்குப் பழைய கதை குறைவு. ஆனால் வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் தத்தம் கதையைக் கூடவே கொண்டு வருகிறார்கள்.

தமிழ்க் குடும்பங்கள் சுமந்து வரும் கதைகள் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்தவைதான். தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, சொல்லிக்கொள்ள ஒரு வீடு இல்லாமல் வெளியேறிய நினைவு ஒன்று. அப்பாவின் குடியால் பாதியில் நின்ற படிப்பு இன்னொன்று. நிலப்பத்திரத்தில் பெயர் போடும்போது தொடங்கி, சாவு வீட்டுக்குக்கூடப் போகாத அளவுக்கு வளர்ந்துவிட்ட அண்ணன் தம்பி பகை மற்றொன்று. தான் செய்த தவற்றை நினைத்து நினைத்து இரவில் தூங்காதவர்களும் இருக்கிறார்கள்.

'போனது போகட்டும், விட்டுத் தள்ளு' என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். சொல்வது சுலபம். எப்படி விடுவது என்பதுதான் கேள்வி. மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். ஆயினும் அவர்களுடைய தேவாலயங்களில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு பதில் சொல்லப்பட்டு வருகிறது. அந்தப் பதிலைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் உண்டு. அது உண்மையில் என்ன சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஜொகூர் பாலத்திற்கு அப்பால், 80 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்கலாம்.

சாங்கி சிறையில் ஓர் ஆயர்

லெனர்ட் வில்சன் 1941-இல் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயராகப் பொறுப்பேற்றார். ஜொகூர் உட்பட மலாயாத் தீபகற்பமும் அப்போது சிங்கப்பூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கு மலேசியாவுக்குத் தனி மறைமாவட்டம் அமைந்தது 1970-இல்தான். ஆகவே இவர் ஜொகூர் மக்களுக்கும் ஆயர்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஒகாவா என்ற ஜப்பானியக் கிறிஸ்தவ அதிகாரி ஒருவரின் உதவியால் வில்சன் ஏறக்குறைய ஓராண்டு வெளியில் இருந்து பணியாற்ற முடிந்தது. 1943-இல் அவரும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து மீன்பிடிப் படகில் வந்த நேசநாட்டு வீரர்களின் வேலை அது. ஆனால் சாங்கி கைதிகள்தான் வெளியே தகவல் அனுப்பி உதவினார்கள் என்று ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாய் சந்தேகித்தது. அக்டோபர் 10-ஆம் தேதி சிறை சோதனையிடப்பட்டது. பத்தாம் மாதம் பத்தாம் நாள் என்பதால் வரலாற்றில் இது 'இரட்டைப் பத்து' நிகழ்வு எனப்படுகிறது. கைதிகளும் பொதுமக்களுமாக 57 பேர் பிடித்துச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டனர். அவர்களில் 15 பேர் இறந்தனர். ஆயர் வில்சன் பல நாள் அடிபட்டு, பல மாதங்கள் அடைபட்டு, உயிரோடு திரும்பினார்.

போர் முடிந்து 1946-இல் பிபிசி வானொலியில் பேசியபோது அவர் அந்த நாட்களைப் பற்றி மனம் திறந்தார். தன்னை அடித்தவர்களின் முகத்தில் கொடுமையைத் தவிர வேறொன்றையும் காண முடியவில்லை என்றும், அவர்களுக்காக வேண்டிக்கொள்வது எளிதாக வரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு அவர் ஒன்று செய்தார். அந்த மனிதர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எப்படி இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளை வெறுப்பது கடினம். அவர்கள் மீண்டும் நல்ல மனிதர்களாக ஆகக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்துதான் பிறந்தது.

அவர் நினைத்தது நடந்தது. போருக்குப் பின் சிங்கப்பூருக்குத் திரும்பிய வில்சன், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தில் ஒரு திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்று அவர் முன் வந்து நின்றவர்களில் ஒருவர், அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர். அன்று அடித்த மனிதரின் தலைமேல் அடிபட்டவர் கை வைத்து ஆசீர்வதித்தார்.

கூடாட்டில் பிறந்த பெண்

அதே நிகழ்வில் பிடிபட்ட இன்னொருவர் எலிசபெத் சோய். சபாவின் கூடாட்டில் 1910-இல் பிறந்தவர், ஆசிரியை, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். கணவருடன் மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டே, கைதிகளுக்கு உணவு, மருந்து, கடிதம் என்று இரகசியமாகச் சேர்த்து வந்தார். கெம்பெய்த்தாய் அவரை ஏறக்குறைய 200 நாள் அடைத்து வைத்தது. கணவரின் கண்ணெதிரே அவர் உடலில் மின்சாரம் பாய்ச்சப்பட்டது.

போருக்குப் பின், தன்னைத் துன்புறுத்தியவர்களுக்கு மரண தண்டனை கேட்க அவர் மறுத்துவிட்டார். கொடுமை போரில்தான் இருக்கிறது, போர் இல்லையென்றால் அவர்களும் தன்னைப் போலச் சாதாரண மனிதர்களே என்பது அவருடைய நிலைப்பாடு. ஆனால் நடந்ததை அவர் மூடி மறைக்கவில்லை. முதுமைவரை இளையவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1951-இல் சிங்கப்பூரின் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். பின்னர் பார்வையற்றோர் பள்ளியின் முதல் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். 2006-இல் 95 வயதில் காலமானார்.

வில்சன், எலிசபெத் சோய் இருவரிடமும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. இருவருமே எதையும் மறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். சொல்லியும் வன்மத்தைச் சுமக்கவில்லை. 'மன்னிப்பு' என்று கிறிஸ்தவம் சொல்வதை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடுதான் முக்கியம்.

தழும்பு இருக்கும், புண் ஆறும்

கிறிஸ்தவ மறைநூல் மறதியை மருந்தாகச் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றியபோது கைகளிலும் விலாவிலும் காயத் தழும்புகள் இருந்தன என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. புது உடல், ஆனால் பழைய தழும்பு. நடந்தது நடந்ததுதான் என்பதை அந்தத் தழும்பு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதிலிருந்து இரத்தம் கசிவதில்லை.

பேதுருவின் கதையும் இதையே சொல்கிறது. இயேசு கைதான இரவில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுரு, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்தார். பின்னர் உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் அதே பேதுருவைச் சந்திக்கிறார். அங்கேயும் ஒரு கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது. அங்கே அவர் மூன்று முறை கேட்கும் கேள்வி, தன்மீது அன்பு உண்டா என்பது. பேதுருவின் தவறு எங்கே நடந்ததோ, ஏறக்குறைய அதே சூழலுக்கு அவரைத் திரும்ப அழைத்துப் போய், அங்கிருந்தே புது வேலையை ஒப்படைக்கிறார். கடந்த காலத்தைச் சுற்றிக்கொண்டு போவது இங்கே வழியாகக் காட்டப்படவில்லை. அதன் வழியாக நடந்து வெளியே வருவதுதான் வழி.

பவுலும் அப்படியே. தொடக்கக்காலக் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவர் அவர். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில், இலக்கை நோக்கி ஓடும் பந்தயவீரனுக்குத் தம்மை ஒப்பிடுகிறார். ஓடுகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும் என்பதை விளையாட்டுப் போட்டியில் ஓடிய எந்தப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் அதே பவுல் தம் பழைய குற்றத்தைத் தம் கடிதங்களில் பலமுறை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். அவர் விட்டது நினைவை அல்ல. அந்த நினைவு தம் கால்களைக் கட்டிப்போட அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீதியைக் கைவிடச் சொல்கிறதா?

மன்னிப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் சந்தேகம் இது. தவறு செய்தவன் தப்பித்துவிட வேண்டுமா?

இரட்டைப் பத்து வழக்கு 1946-இல் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஏழு பேர் விடுவிக்கப்பட்டனர். ஆயர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு கைவிடப்படவில்லை.

இந்தியாவில் கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் இதே வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருந்தார். ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்குப் பணியாற்றிய அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெய்ன்ஸும், 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி ஆகிய இரு மகன்களும் 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது தீ வைத்துக் கொல்லப்பட்டனர். கொன்றவர்களை மன்னிப்பதாகக் கிளாடிஸ் அறிவித்தார். ஆனால் சட்டம் தன் வழியில் சென்றது. முதன்மைக் குற்றவாளியான தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் இந்திய உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸோ 2004 வரை பாரிப்படாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஆக, இங்கே மூன்று காரியங்கள் தனித்தனியாக இருக்கின்றன. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் தம் உள்ளத்தில் பழிவாங்கும் எண்ணத்தை இறக்கி வைப்பது. அதற்கு எதிராளியின் அனுமதி தேவையில்லை. நீதி என்பது சட்டமும் சமூகமும் செய்ய வேண்டியது. ஒப்புரவு என்பது உறவைத் திரும்பச் சேர்ப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், தவறு செய்தவர் மனம் திரும்ப வேண்டும், நம்பிக்கை மறுபடி வளரக் காலமும் வேண்டும். முதலாவது நடந்துவிட்டால் மூன்றாவதும் உடனே நடந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும்போதுதான் பல குடும்பங்களில் தவறு நேர்கிறது.

குறிப்பாக, அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போகச் சொல்லி ஒரு பெண்ணிடம் 'கர்த்தர் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார்' என்று கூறுவது மன்னிப்பைப் பற்றிய போதனை ஆகாது. மன்னித்த பிறகும் பாதுகாப்பான தூரத்தில் இருக்கலாம். காவல்துறையில் புகார் செய்யலாம். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

தவறு செய்தவர் எப்படி முன்னே நடப்பது?

எல்லாரும் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். கடந்த காலம் துரத்துகிறது என்று சொல்பவர்களில் பலர், தாங்களே யாரையோ பாதித்தவர்கள். அவர்களுக்கும் ஒரு கதை உண்டு.

கேரளாவில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காகப் பணியாற்றியவர். 1995 பிப்ரவரி 25-இல் ஓடும் பேருந்தில் சமுந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் ஓர் அருட்சகோதரி. 2002-இல் அவர் சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டித் தம் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். குடும்பமும் மன்னித்தது. சமுந்தர் சிங் 2006-இல் விடுதலையானார். பின்னர் கேரளாவுக்குச் சென்று அந்தக் குடும்பத்தைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4-இல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

குற்ற உணர்வை எங்கே கொண்டு போய் வைப்பது என்பதற்குக் கிறிஸ்தவ சபைகள் ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருளடையாளம் உண்டு. பாவசங்கீர்த்தனம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். குருவிடம் தவற்றை வாய்விட்டுச் சொல்லி, மனம் வருந்தி, பரிகாரமாக ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டும். குரு அந்த இரகசியத்தை யாரிடமும் வெளியிட முடியாது. மெத்தடிஸ்ட், லூத்தரன் போன்ற சபைகளில் திருவிருந்துக்கு முன் சபையார் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வார்கள். தனியாகப் போதகரிடம் பேசுவதற்கும் இடமுண்டு.

வழிகள் வேறுபட்டாலும் படிகள் ஒன்றே: தவற்றைத் தவறு என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது, முடிந்தவரை ஈடு செய்வது, பிறகு மன்னிப்பை ஏற்றுக்கொள்வது. மூன்றாவது படியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடவுள் மன்னித்ததாக நம்பியும் தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது படியைத் தாண்டிக் குதிப்பவர்களும் உண்டு. வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் 'பழையவை ஒழிந்தன' என்று சாட்சி சொல்வது யாருக்கும் நம்பிக்கை தராது. எரிகோ ஊரின் வரி வசூலிப்பாளன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

டிசம்பர் 31 இரவு

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கத்தில் இந்தப் போதனை கண்ணுக்குத் தெரியும் ஓர் இரவு உண்டு. டிசம்பர் 31 இரவு குடும்பத்தோடு ஆலயத்தில் கூடுவார்கள். போன ஆண்டின் நன்மைகளுக்கு நன்றி சொல்லி, தவறுகளை அறிக்கையிட்டு, நள்ளிரவு மணி அடிக்கும்போது பலர் முழங்காலில் இருப்பார்கள். பின்னர் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்துவார்கள். பல சபைகளில் புத்தாண்டு வாக்குத்தத்த வசன அட்டையும் வழங்கப்படும். ஆண்டு முழுக்கப் பேசாமல் இருந்த இரண்டு பேர் எதிரெதிரே வந்து கைநீட்ட வேண்டிய இடமும் அதுதான். அந்தச் சில நொடிகளில் முகத்தைத் திருப்பிக்கொள்வதா, கையைக் கொடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

இந்த வழக்கத்தின் வேர் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. மெத்தடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி காலத்தில், கிங்ஸ்வுட் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மதுக்கடையில் கழித்து வந்த இரவுகளை ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்கத் தொடங்கினார்கள். அந்த விழிப்பு ஆராதனை பின்னர் பரவியது. கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனையை வெஸ்லி 1755 ஆகஸ்ட் 11-இல் இலண்டனில் நடத்தினார். இன்றும் மெத்தடிஸ்ட் சபைகளில் ஆண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடக்கிறது. மெத்தடிஸ்ட் ஊழியம் 1885-இல் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து மலாயாவுக்குள் பரவியது. சுரங்கத் தொழிலாளர்களின் வழக்கம் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த பாதை இது.

இதை ஆண்டுக்கு ஆண்டு திரும்பச் செய்வதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மன்னிப்பு ஒரே தடவையில் முடிந்துவிடும் காரியமல்ல. எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, எண்ணிக்கை வைத்துக்கொள்ள முடியாத அளவு பெரிய எண்ணையே இயேசு பதிலாகச் சொன்னார். ஒரே ஆளின் பல தவறுகளுக்கு மட்டுமல்ல, ஒரே தவற்றையும் பலமுறை மன்னிக்க வேண்டியிருக்கும். நேற்று ஆறியது போலிருந்த கோபம் இன்று ஒரு கல்யாண வீட்டில் அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்ப எழலாம். அதனால் நேற்றைய மன்னிப்பு பொய்யாகிவிடாது.

கேட்கப்படாத மன்னிப்புகள்

வில்சன் சித்திரவதைக்கு ஆளான அதே 1943 அக்டோபரில்தான் சயாம்–பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். 'தாத்தா சயாமுக்குப் போனார், வரவில்லை' என்ற ஒற்றை வரியோடு பல குடும்பங்களின் கதை முடிகிறது. அவர்களிடம் எந்த வீரனும் வந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கும் வாய்ப்பு அந்தத் தாய்மார்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் வீடுகளிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான். கெடுதல் செய்தவர் இறந்துபோயிருப்பார், அல்லது செய்ததை ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவர் வந்து மன்னிப்புக் கேட்ட பிறகே நிம்மதி என்று காத்திருந்தால், சாவி அவர் கையிலேயே இருக்கும். மன்னிப்புக்கு எதிராளியின் அனுமதி வேண்டியதில்லை என்று கிறிஸ்தவம் சொல்வதன் பயன் இங்கேதான் தெரிகிறது. அடைபட்ட அறைக்குள் இருந்தபடியே, யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, வில்சன் தம் மனத்தில் தொடங்கிவிட்டார். பேராலயத்தில் நடந்தது பின்னால் வந்த பலன். அது வராமலே போயிருந்தாலும் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோதே சுமையை இறக்கிவிட்டிருந்தார்.

பெயர் சொல்லி வருந்துவதற்கும் இதில் இடம் உண்டு. தாத்தாவின் பெயரை எழுதி வைப்பதும், பேரப்பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்வதும் வன்மம் வளர்ப்பது ஆகாது. எலிசபெத் சோய் செய்ததும் அதுதான்.

ஜெபமும் ஆலோசனையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தூக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் பயங்கர நினைவுகள், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால், விசுவாசம் குறைவு என்று யாரும் வெட்கப்படத் தேவையில்லை. போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுவதோடு மருத்துவரையும் பார்க்கலாம். அரசாங்க மருந்தகங்களில் இதற்கு உதவி கேட்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல ஆதரவு எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் கேட்கிறது. குடும்ப வன்முறைக்கு உள்ளானோர் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம்.